எழுபத்தாறில் நிற்பது ஏன்? சிறு ஜெட் விமானங்களின் அளவும் தடத்தின் தேவையும்

2019 அக்டோபர் இறுதியில் அமெரிக்காவின் யுனைடெட் நிறுவனத்தின் பெயரில் ஒரு புதிய விமானம் சேவைக்கு வந்தது. புதியது என்று சொன்னாலும் உடல் பழையது. 70 பேர் உட்காருவதற்கென்று கனடாவின் பம்பார்டியர் நிறுவனம் வடிவமைத்த சிஆர்ஜே-700தான் அது. அதில் 50 இருக்கைகளை மட்டும் வைத்தார்கள்: முன்பக்கம் முதல் வகுப்பில் 10, அடுத்துக் கால் நீட்டக் கூடுதல் இடத்தோடு 20, பின்னால் சாதாரண வகுப்பில் 20. மிச்சமான இடத்தில் கைப்பெட்டிகளை வைக்கும் அலமாரிகள் முளைத்தன. முதல் வகுப்புப் பயணிகள் தாங்களே எழுந்துபோய் எடுத்துக்கொள்ளும்படி ஒரு தின்பண்ட மேசையும் வந்தது. புறப்படும்போது இருக்கலாம் என்று சான்றளிக்கப்பட்ட எடையையும் குறைத்து, சிஆர்ஜே-550 என்று பெயர் சூட்டினார்கள்.

இருக்கையை விற்றுப் பிழைக்கிற தொழில் இருக்கையைக் கழற்றி வைக்கிறது. அந்தத் தடங்களில் 51ஆவது பயணி கிடைக்கமாட்டார் என்று யாரும் கணக்குப் போட்டுச் சொல்லவில்லை. காரணம் வேறு. யுனைடெட் தன் விமானிகளோடு செய்திருந்த ஒப்பந்தப்படி, அதற்காகப் பிராந்திய நிறுவனங்கள் ஓட்டக்கூடிய 70, 76 இருக்கை விமானங்கள் மொத்தம் 255தான். அந்த வரம்பை ஏறக்குறையத் தொட்டாயிற்று. திறந்திருந்த வாசல் 50 இருக்கை விமானங்களுக்கானது மட்டுமே. அதில் நுழைவதற்காகப் பெரிய உடம்பு தன்னைச் சுருக்கிக்கொண்டது.

பிராந்திய விமான நிறுவனங்கள் தடத்தின் தேவைக்கு ஏற்ப விமானத்தின் அளவைத் தேர்ந்தெடுக்கின்றன என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். அது தவறல்ல, ஆனால் பாதிக் கதைதான். அளவு கூடுமா குறையுமா என்பதைச் செலவும் தேவையும் தீர்மானிக்கின்றன. எந்த எண்ணில் வந்து நிற்கும் என்பதையோ பெரும்பாலும் யாரோ கையெழுத்திட்ட ஒரு தாள் தீர்மானிக்கிறது. அந்தத் தாள் தொழிற்சங்க ஒப்பந்தமாக இருக்கலாம், வரிச்சட்டத்தின் உட்பிரிவாகவும் இருக்கலாம். இதற்கான சான்றுகளை முதலில் அமெரிக்காவிலும் பிறகு இந்தியாவிலும் பார்ப்போம்.

பாடநூல் சொல்லும் கணக்கு

நம் ஊர்த் தனியார் பேருந்து முதலாளிக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. ஒரு டிரிப் அடிக்க டீசல், டிரைவர் கண்டக்டர் படி, டயர் தேய்மானம் என்று எவ்வளவு ஆகிறது என்பது ஒன்று. அதை ஏறிய தலைகளால் வகுத்தால் ஒரு டிக்கெட்டுக்கு எவ்வளவு விழுகிறது என்பது இன்னொன்று. வண்டி பெரிதானால் முதல் கணக்கு ஏறும், இரண்டாவது இறங்கும். விமானத்திலும் அப்படியே. 50 இருக்கை ஜெட்டை ஓட்டினாலும் இரண்டு விமானிகள்தான், 180 இருக்கை ஏ320ஐ ஓட்டினாலும் இரண்டு விமானிகள்தான். ஆகவே ஓர் இருக்கைக்கான செலவில் பெரிய விமானம் பெரும்பாலும் வெல்லும். ஒரு பயணத்துக்கான மொத்தச் செலவில் சிறியது வெல்லும். கூட்டம் குறைந்த தடத்தில் எது முக்கியம் என்பதுதான் கேள்வி.

கேள்வியைச் சிக்கலாக்குவது, தேவை என்பது ஒரே எண்ணாக இல்லாததுதான். ஒரு தடத்தில் ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் சராசரியாக 60 பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். திங்கள் காலை 85 பேர் வருவார்கள், செவ்வாய் மதியம் 40 பேர்தான். இந்த ஏற்ற இறக்கத்தின் திட்டவிலக்கம் 18 என்று எடுத்துக்கொண்டு, பரவல் இயல்பானது என்ற அனுமானத்தில் நானே போட்டுப் பார்த்த கணக்கு இது. 50 இருக்கை விமானம் விட்டால் சராசரியாக 47 பேர் ஏறுவார்கள், 93 சதவீதம் நிரம்பும். ஆனால் ஒவ்வொரு புறப்பாட்டிலும் சராசரியாக 13 பேர் இடம் கிடைக்காமல் போவார்கள். 70 இருக்கை விட்டால் 57 பேர் ஏறுவார்கள், நிரம்புவது 81 சதவீதம், இழப்பது 3 பேர். 78 இருக்கை என்றால் நிரம்புவது 75 சதவீதம், இழப்பது ஒருவர் அல்லது இருவர். 100 இருக்கை விட்டால் ஒருவரையும் இழக்க வேண்டியதில்லை, ஆனால் பத்தில் நான்கு இருக்கை காலியாகப் பறக்கும்.

இந்த எண்களில் இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. முதலாவது, நிரம்பி வழியும் விமானம் வெற்றியின் அடையாளம் என்ற பொது எண்ணம் சரியல்ல. 93 சதவீதம் நிரம்பும் விமானம், தன்னிடம் வந்த வாடிக்கையாளர்களில் ஐந்தில் ஒருவரைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறது. அப்படித் திரும்புகிறவர் பெரும்பாலும் கடைசி நேரத்தில் வந்து கூடுதல் கட்டணம் கொடுக்கத் தயாராக இருந்தவர். இரண்டாவதுதான் என் வாதத்துக்கு முக்கியமானது. 50இலிருந்து 70க்கு ஏறும்போது பத்துப் பயணிகள் கூடுகிறார்கள். 70இலிருந்து 78க்கு ஏறினால் இரண்டு பேர் கூடுகிறார்கள். வளைகோடு வழவழப்பாக ஏறி மெல்லத் தட்டையாகிறது. அதில் எங்கேயும் படிக்கட்டு இல்லை. 44இலோ 50இலோ 76இலோ 80இலோ ‘இங்கே நில்’ என்று சொல்லும் எதுவும் தேவைக் கணக்கில் கிடையாது.

அளவைக் குறைத்து முறைகளைக் கூட்டுவதற்கு இன்னொரு காரணமும் பாடநூல்களில் உண்டு. வில்லியம் ஃப்ரூஹன் 1972இல் வெளியிட்ட நூலிலிருந்து பேசப்பட்டுவரும் கருத்து அது. ஒரு தடத்தில் அதிக முறை பறக்கும் நிறுவனத்துக்கு, அதன் பங்குக்கு உரியதைவிடக் கூடுதலான பயணிகள் சேர்கிறார்கள். காலையில் போய் மாலையில் திரும்ப நினைப்பவர் நான்கு முறை பறக்கும் நிறுவனத்தைத்தான் முதலில் பார்ப்பார். வென்பின் வெய், மார்க் ஹான்சன் இருவரும் பின்னர் செய்த ஆய்வுகள் இதையே வேறு முனையிலிருந்து உறுதி செய்தன. சந்தைப் பங்கைக் கூட்ட, விமானத்தைப் பெரிதாக்குவதைவிட முறைகளைக் கூட்டுவதே பலன் தரும் என்பது ஒரு முடிவு. 2003இல் அவர்கள் காட்டிய இன்னொன்று அதைவிடச் சுவையானது. பெரிய விமானத்தை ஓட்டும் விமானிக்குச் சம்பளமும் அதிகம். அதையும் கணக்கில் சேர்த்தால், பெரிய விமானத்தின் செலவுச் சலுகை நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை, சிக்கனமான அளவு சற்றுச் சிறியதாகிவிடுகிறது. விமானியின் சம்பளத்தை நிர்ணயிப்பது ஓர் ஒப்பந்தம். அதாவது, பொருளாதாரக் கணக்குக்குள்ளேயே தாள் நுழைந்துவிட்டது.

ஐம்பது என்ற எண்

அமெரிக்காவில் 1978இல் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடுகள் நீக்கப்பட்டன. பெரிய நிறுவனங்கள் சில நகரங்களை மையமாக்கி, சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து பயணிகளை அங்கே கொண்டுவந்து சேர்க்கும் அமைப்பை வளர்த்தன. கொண்டுவந்து சேர்க்கும் வேலையைப் பிராந்திய நிறுவனங்கள், பெரிய நிறுவனத்தின் பெயரையும் வண்ணத்தையும் பூசிக்கொண்டு, விசிறி கொண்ட டர்போபிராப் விமானங்களில் செய்துவந்தன. 1993இல் கொமேர் நிறுவனம் 50 இருக்கை சிஆர்ஜேயை அமெரிக்காவில் முதலில் பறக்கவிட்டது. பிரேசிலின் எம்ப்ரயர் தயாரித்த 50 இருக்கை இஆர்ஜே-145 சில ஆண்டுகளில் பின்தொடர்ந்தது. கச்சா எண்ணெய் மலிவாக இருந்த காலம் அது. 1994 அக்டோபரில் ஓர் ஏடிஆர்-72 டர்போபிராப் இண்டியானா மாநிலத்து ரோஸ்லான் அருகே இறக்கையில் பனி உறைந்து விழுந்து 68 பேர் இறந்தனர். பயணிகளுக்கு விசிறி விமானங்கள்மீது இருந்த அச்சம் அதன்பின் கூடியது. ஜெட் என்ற சொல்லுக்கே தனி மதிப்பு வந்தது.

ஆனால் ஏன் 50? ஒரு பகுதி விடை பாதுகாப்பு விதியில் இருக்கிறது. அமெரிக்கச் சட்டப்படி 50 இருக்கைவரை ஒரு கேபின் பணியாளர் போதும். 51ஆவது இருக்கையைப் போட்டால் இரண்டாமவர் வேண்டும். மறு பகுதி விடை ‘ஸ்கோப்’ ஷரத்து. பெரிய நிறுவனத்தின் விமானிகள் தங்கள் வேலை குறைந்த சம்பளக்காரர்களிடம் போய்விடாமல் இருக்கப் போட்ட வேலி இது. துணையாக ஓட்டப்படும் விமானங்கள் எத்தனை இருக்கைக்குள், எவ்வளவு எடைக்குள், எத்தனை எண்ணிக்கைக்குள் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு பெரிய நிறுவனத்தின் ஒப்பந்தத்திலும் தனித்தனியாக எழுதப்பட்டது.

இந்த வேலி எவ்வளவு நுணுக்கமாக வேலை செய்கிறது என்பதற்கு 44 என்ற எண்ணைவிட நல்ல சாட்சி இல்லை. 2001வாக்கில் எம்ப்ரயர் இஆர்ஜே-140 என்றொரு விமானத்தைக் கொண்டுவந்தது. இருக்கை 44. அமெரிக்கன் நிறுவன விமானிகளின் ஒப்பந்தத்தில் 44 இருக்கைக்கு மேற்பட்ட ஜெட்களுக்கு எண்ணிக்கை வரம்பு இருந்ததால் பிறந்த விமானம் அது. அதே காலத்தில் நார்த்வெஸ்ட் நிறுவனத்துக்காக பம்பார்டியர் தன் சிஆர்ஜே-200இன் ஒரு வகையை சிஆர்ஜே-440 என்று விற்றது. அதிலும் 44 இருக்கைதான், ஆறு இருக்கை குறைத்ததைத் தவிர உடம்பில் பெரிய வேறுபாடு இல்லை. பிரேசிலில் ஒரு நிறுவனம், கனடாவில் ஒரு நிறுவனம், இருவரும் ஒரே எண்ணில் வந்து நிற்கிறார்கள். அமெரிக்கச் சிற்றூர்களின் பயணத் தேவை தற்செயலாக 44இல் குவிந்துகிடந்தது என்று நம்புவதற்கு எனக்குத் தைரியம் போதவில்லை.

யார் அளவைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்ற கேள்வியும் இங்கே வருகிறது. ‘பிராந்திய நிறுவனம் தேவைக்கேற்ப அளவைப் பொருத்துகிறது’ என்ற வாக்கியத்தின் எழுவாயே அமெரிக்காவில் பெரும்பாலும் பிழையானது. அங்கே பெரும்பாலான பிராந்தியப் பறத்தல் கொள்திறன் கொள்முதல் ஒப்பந்தங்களின்படி நடக்கிறது. டிக்கெட்டை விற்பதும் அட்டவணை போடுவதும் பெரிய நிறுவனம். பிராந்திய நிறுவனத்துக்குப் புறப்பாட்டுக்கும் பறந்த மணிக்கும் கூலி உண்டு. விமானம் காலியாகப் போனாலும் அந்தக் கூலி வரும். யூட்டா மாநிலத்தின் செயின்ட் ஜார்ஜ் நகரில் தலைமையகம் கொண்ட ஸ்கைவெஸ்ட் ஒரே சமயத்தில் பல பெரிய நிறுவனங்களுக்காகப் பறக்கிறது. அதன் விமானம் ஒன்றில் எத்தனை இருக்கை இருக்கும் என்பதை, யாருடைய வண்ணம் பூசியிருக்கிறது என்பதை வைத்துச் சொல்லிவிடலாம். தேவை என்ன என்று பார்ப்பவர் ஒருவர், விமானத்தை வைத்திருப்பவர் இன்னொருவர், எல்லையைப் போட்டவர் மூன்றாமவர்.

எடையில் விழுந்த கோடு

2000களில் வேலி மெல்ல நகர்ந்தது. திவால் நடவடிக்கைகளாலும் பேரங்களாலும் 50 என்பது 70 ஆகி, 76 ஆகி நின்றது. கூடவே எடைக் கோடு ஒன்றும் வந்தது. புறப்பாட்டு எடை 86,000 பவுண்டு, அதாவது சுமார் 39,000 கிலோவைத் தாண்டக் கூடாது. எம்ப்ரயரின் இ-175 இந்தக் கோட்டுக்குச் சற்றே உள்ளே, 38,790 கிலோவில் நிற்கிறது. அமெரிக்கப் பிராந்தியச் சந்தையில் அது கொடிகட்டிப் பறப்பதற்கு அந்த இருநூற்றுச் சொச்சம் கிலோ ஒரு முக்கியக் காரணம்.

அதன் அடுத்த தலைமுறையின் கதைதான் இக்கட்டுரையின் மையச் சான்று. இ-175-இ2 விமானம் 2019 டிசம்பரில் முதன்முதலாகப் பறந்தது. எரிபொருளை மிச்சப்படுத்தும் புதிய எஞ்சின், புதிய இறக்கை. ஆனால் அந்த எஞ்சினின் விசிறி பெரியது, எடை கூடியது. அதைத் தாங்க இறக்கையும் கால்களும் கனத்தன. மொத்தம் 44 டன்னைத் தாண்டிவிட்டது. எந்தச் சந்தைக்காக வடிவமைத்தார்களோ அந்தச் சந்தையில், ஒப்பந்தம் மாறாதவரை, அதைப் பிராந்திய நிறுவனங்கள் ஓட்ட முடியாது. ஷரத்து தளரும் என்ற நம்பிக்கையில் வடிவமைத்தார்கள். தளரவில்லை. 2022 பிப்ரவரியில் எம்ப்ரயர் திட்டத்தை மூன்றாண்டுகளுக்கு நிறுத்திவைத்தது. ஆகவே ஒரு தலைமுறை பழைய எஞ்சினோடு இ-175தான் இன்னும் விற்பனையாகிறது. சிக்கனமான விமானம் கையில் இருக்கும்போது அதிக எரிபொருள் குடிப்பதை வாங்குகிறார்கள் என்றால், அதற்குத் தேவைக் கணக்கு பொறுப்பல்ல.

ஜப்பானின் மிட்சுபிஷிக்கு நேர்ந்தது இன்னும் துயரமானது. 2008இல் தொடங்கிய அதன் பிராந்திய ஜெட் திட்டத்தின் 90 இருக்கை விமானமும் இதே எடைக் கோட்டில் இடித்துக்கொண்டது. கோட்டுக்குள் அடங்கும்படி எம்-100 என்ற சிறு வகையை 2019இல் அறிவித்தார்கள். 2020 அக்டோபரில் திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது, 2023 பிப்ரவரியில் முற்றிலும் கைவிடப்பட்டது. சான்றிதழ் பெறுவதில் ஏற்பட்ட தொடர் தாமதமும் கொரோனாவும்தான் பெரிய காரணங்கள். எல்லாப் பழியையும் ஷரத்தின்மீது போடுவது நியாயமாகாது. ஆனால் தொடங்கிய நாளிலிருந்து அந்த விமானத்தின் அளவைத் துரத்திக்கொண்டிருந்தது ஜப்பானியப் பயணியின் தேவையல்ல, அமெரிக்க விமானிகளின் ஒப்பந்தம்.

எதிர்வாதங்கள்

இதுவரை சொன்னதற்கு வலுவான மறுப்புகள் உண்டு. முதலாவது, ஐரோப்பாவில் இப்படிப்பட்ட இறுக்கமான வேலி பொதுவாக இல்லை. அங்கேயும் 50 இருக்கை ஜெட்கள் மறைந்துவருகின்றன. கேஎல்எம் சிட்டிஹாப்பர் போன்ற நிறுவனங்கள் நூறு இருக்கையைத் தாண்டிய எம்ப்ரயரின் இ-2 விமானங்களுக்குப் போய்விட்டன. அப்படியானால் அளவை நகர்த்துவது பொருளாதாரம்தானே? ஆம். 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டபோதே 50 இருக்கை ஜெட்டின் கணக்கு உடைந்துவிட்டது. திசை மேல்நோக்கியது என்பதை நான் மறுக்கவில்லை. இறுக்கமான தடை இல்லாத ஐரோப்பாவில் அது நூறைத் தாண்டிப் போனது, தடை உள்ள அமெரிக்காவில் 76இல் நின்றது. இ-2 குடும்பத்தின் பெரிய விமானங்கள் விற்பனையாகின்றன, இ-175-இ2 முடங்கிக் கிடக்கிறது. இந்த மறுப்பு என் வாதத்தை உடைக்கவில்லை, கூர்மையாக்குகிறது.

இரண்டாவது மறுப்பு கனமானது. ஷரத்தைவிட விமானிப் பஞ்சம்தான் அளவைத் தீர்மானிக்கிறது என்பது அது. 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தபின், துணை விமானியும் பொதுவாக 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்ற விதி 2013இல் நடைமுறைக்கு வந்தது. கொரோனாவுக்குப் பிறகு பெரிய நிறுவனங்கள் விமானிகளை அள்ளிக்கொள்ள, பிராந்திய நிறுவனங்கள் 2022இல் சம்பளத்தைப் பெருமளவு உயர்த்த நேர்ந்தது. அதே ஆண்டு மார்ச்சில், அரசு மானியம் பெறும் 29 சிற்றூர்ச் சேவைகளிலிருந்து விலகுவதாக ஸ்கைவெஸ்ட் அறிவித்தது. காரணமாகச் சொன்னது பயணிகள் இல்லாததை அல்ல, விமானிகள் இல்லாததை. இரண்டு பேர் சம்பளத்தை 50ஆல் வகுப்பதும் 76ஆல் வகுப்பதும் ஒன்றல்ல. கிடைத்த விமானிகளைப் பெரிய விமானத்தில் உட்காரவைப்பதே புத்திசாலித்தனம். இந்த மறுப்பை நான் ஏற்கிறேன். ஆனால் 1,500 மணி நேரம் என்பதும் ஒரு தாளில் எழுதப்பட்ட எண்தான். அது நல்ல காரணத்துக்காக எழுதப்பட்டதா என்பது வேறு விவாதம்.

இடையில் ஒன்று சொல்லியாக வேண்டும். அளவு இப்படி ஏறிக்கொண்டே போனதில் கைவிடப்பட்ட மிகக் குறுகிய தடங்களுக்கு இப்போது பேருந்து விடுகிறார்கள். 2022இல் ஃபிலடெல்பியா விமான நிலையத்திலிருந்து ஆலன்டவுனுக்கும் அட்லாண்டிக் சிட்டிக்கும் அமெரிக்கன் நிறுவனத்தின் விமான எண்ணோடு லேண்ட்லைன் என்ற நிறுவனத்தின் பேருந்துகள் ஓடத் தொடங்கின. டிக்கெட்டில் விமான எண் இருக்கும், பயணமோ தார்ச்சாலையில். இருக்கை முப்பதைச் சுற்றி. முப்பது இருக்கைக்குத் தேவை இருக்கிறது, அதைப் பறக்கவைக்கத்தான் யாருக்கும் கட்டுப்படியாகவில்லை.

இந்தியாவின் எண்பதும் நாற்பதாயிரமும்

இந்தியாவில் ஸ்கோப் ஷரத்து இல்லை. ஆனால் கோடுகள் உண்டு, அவற்றைப் போட்டது அரசு. இந்திய விமான நிலைய ஆணையத்தின் கட்டண விதிப்படி, உள்நாட்டு அட்டவணைச் சேவையில் 80க்குக் குறைவான இருக்கை கொண்ட விமானத்துக்குத் தரையிறங்கும் கட்டணம் கிடையாது. விமான எரிபொருளில் இன்னொரு கோடு. டர்போபிராப் விமானங்களுக்கு விற்கும் எரிபொருளுக்கு இருந்த 4 சதவீத விற்பனை வரிச் சலுகையை, 2007-08 வரவுசெலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் ப. சிதம்பரம், 40,000 கிலோவுக்குக் குறைவான புறப்பாட்டு எடை கொண்ட எல்லா அட்டவணை விமானங்களுக்கும் விரிவுபடுத்தினார். பெரிய விமானங்களுக்கு மாநிலங்கள் தங்கள் விருப்பப்படி வரி போட்டுக்கொண்டிருந்தன. தமிழ்நாட்டில் அது 29 சதவீதம். எரிபொருளே மிகப்பெரிய செலவாக இருக்கும் தொழிலில் 4க்கும் 29க்கும் உள்ள தூரம் சாதாரணமானதல்ல.

அமெரிக்கக் கோடு 39,000 கிலோ, இந்தியக் கோடு 40,000 கிலோ. அமெரிக்க விமானிகளின் பேரத்துக்கு ஏற்பச் செதுக்கப்பட்ட இ-175 விமானம் இந்திய வரிச்சட்டத்துக்குள்ளும் கச்சிதமாக அமர்ந்துகொள்கிறது. அதன் இருக்கை 76, எண்பதுக்கும் கீழே. 2019 ஜனவரியில் 50 இருக்கை இஆர்ஜே-145களோடு தொடங்கிய ஸ்டார் ஏர், 2023இல் சேர்த்துக்கொண்டது 76 இருக்கை இ-175களை. ஹுப்பள்ளியும் பெலகாவியும் திடீரென்று 26 பேர் கூடுதலாகப் பறக்க முடிவு செய்ததாலா? தேவை வளர்ந்திருக்கலாம். வளர்ந்த தேவை போய் நின்ற இடம் எண்பதின் வாசல்.

தமிழ்நாட்டுக்கு இதில் சொந்தக் கதை ஒன்று உண்டு. மதுரைத் தொழில் குடும்பத்தைச் சேர்ந்த மு. தியாகராஜனின் பாரமவுண்ட் ஏர்வேஸ் 2005 அக்டோபரில் பறக்கத் தொடங்கியது. சென்னையை மையமாகக் கொண்டு கோவை, மதுரை போன்ற ஊர்களுக்கு, எழுபதைச் சுற்றிய இருக்கைகளோடு இ-170, இ-175 விமானங்கள். இருக்கை முழுவதும் வணிக வகுப்பு. பாடநூல் பார்வையில் நேர்த்தியான பொருத்தம்: 180 இருக்கையை நிரப்ப முடியாத தடம், முழுக்கட்டணம் தரத் தயங்காத ஜவுளி, இயந்திரத் தொழில் பயணிகள், காலையும் மாலையும் முறைகள். 2007இன் வரிச்சலுகையும் கைக்கு வந்தது. ஆனாலும் 2010இல் சேவை நின்றது. விமானங்களைக் குத்தகைக்குக் கொடுத்தவர்களோடு ஏற்பட்ட வழக்கு லண்டன் உயர்நீதிமன்றம்வரை போனது. தேவைக்கும் பொருந்தி, சட்டத்துக்கும் பொருந்திய அளவுகூட ஒரு நிறுவனத்தைக் காப்பாற்றப் போதாது என்பதை என் வாதத்துக்கு எதிரான சான்றாகவே பதிவு செய்கிறேன். இன்னோர் எதிர்ச்சான்று: ஸ்பைஸ்ஜெட் 2018இல் 90 இருக்கை கொண்ட கியூ-400 டர்போபிராப்களை வாங்கியது. எண்பதின் கோட்டை அது பொருட்படுத்தவில்லை. சலுகையை விட்டுக்கொடுத்தாலும் கூடுதல் இருக்கைகள் லாபம் தரும் என்ற கணக்கு இருந்திருக்க வேண்டும். கோடுகள் சுவர்களல்ல, சரிவுகள். தள்ளும் விசை போதுமானால் ஏறிவிடலாம்.

2016 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட உடான் என்ற அரசின் பிராந்திய விமானச் சேவைத் திட்டம் இந்தக் கோடுகளோடு இன்னும் சிலவற்றைச் சேர்த்தது. சுமார் 500 கிலோமீட்டர் அல்லது ஒரு மணி நேரப் பறத்தலுக்கு 2,500 ரூபாய் என்று கட்டணத்துக்கு உச்சவரம்பு. அந்த விலையில் பாதி இருக்கைகளைத் தர வேண்டும், குறைந்தது 9, அதிகபட்சம் 40. நாற்பது என்பது எண்பதின் பாதி. ஒரு விதியைப் போட்டவர் கையில் முந்தைய விதியின் அளவுகோல் இருந்திருக்கிறது என்று ஊகிக்கத் தோன்றுகிறது.

சேலம்: 1,806 மீட்டர்

ஓமலூருக்குப் பக்கத்தில் காமலாபுரத்தில் இருக்கிறது சேலம் விமான நிலையம். 1993இல் திறந்தது. ஓடுபாதை 1,806 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். தொண்ணூறுகளில் என்இபிசி, 2009இலிருந்து 2011வரை கிங்ஃபிஷரின் ஏடிஆர், உடான் திட்டத்தில் 2018 மார்ச் 25 முதல் ட்ரூஜெட்டின் ஏடிஆர்-72 என்று சேவைகள் வந்தன, போயின. 2023 அக்டோபரில் மீண்டும் வந்தன: உடானின் கீழ் அலையன்ஸ் ஏர், சென்னைக்கு இண்டிகோ. இந்த வரிசையில் ஒரு ஜெட்கூட இல்லை. தேவை இல்லாததாலா? வெள்ளிக் கொலுசும் ஜவ்வரிசியும் உருக்கும் ஜவுளியும் வியாபாரமாகும் ஊரில் பயணத் தேவை இல்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். எடை குறைந்த டர்போபிராப்புக்கு 1,800 மீட்டர் தாராளம். சிறு ஜெட்டுக்கு, அதுவும் சேலத்து ஏப்ரல் வெயிலில், நெருக்கடி. வெப்பக் காற்றில் இறக்கை தூக்கும் விசை குறையும், ஓட வேண்டிய தூரம் கூடும். தார்ப்பாதையும் ஒரு வகைத் தாள்தான் போலிருக்கிறது. யாழ்ப்பாணத்தின் பலாலியிலும் இதே நிலை. 2019 அக்டோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டபோது அதன் ஓடுபாதை 1,400 மீட்டர். சென்னையிலிருந்து நவம்பரில் வந்து இறங்கியது ஏடிஆர். யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் இடையே எத்தனை பேர் போய்வர நினைத்தாலும், ஒரு முறைக்கு எழுபத்துச் சொச்சம் பேர்தான் இறங்க முடியும்.

இண்டிகோவின் ஏடிஆரில் இருக்கைகள் 78. எண்பதுக்கு இரண்டு குறைவு. சேலத்திலிருந்து சென்னைக்குப் போகிறவருக்கு முன்னால் 2023 ஏப்ரலிலிருந்து வந்தே பாரத் ரயிலும் நிற்கிறது. விமான நிலையத்துக்குப் போகும் நேரம், சோதனை நேரம், மீனம்பாக்கத்திலிருந்து ஊருக்குள் போகும் நேரம் எல்லாம் கூட்டினால் மிச்சப்படுவது அதிகமில்லை. ஆகவே விமானம் விற்பது வேகத்தை மட்டுமல்ல, நேரத்தின் பொருத்தத்தையும்தான். காலையில் கிளம்பி, வேலையை முடித்து, இரவு வீட்டுச் சாப்பாட்டுக்குத் திரும்ப முடியுமா என்பதே கேள்வி. நாளுக்கு ஒரு முறை மட்டும் வந்துபோகும் விமானம், அது எந்த அளவாக இருந்தாலும், இந்தக் கேள்விக்கு இல்லை என்றே பதில் சொல்லும்.

ஓடுபாதையை நீட்ட வேண்டும் என்ற திட்டம் பல ஆண்டுகளாகப் பேச்சில் இருக்கிறது. காமலாபுரத்தைச் சுற்றியுள்ள விவசாயிகள் நிலம் கொடுக்க மறுத்து 2018இல் போராடினார்கள். நீட்டினால் ஏ320 வரும் என்பது நீட்டச் சொல்பவர்களின் வாதம். வரும். 180 இருக்கையோடு, 40,000 கிலோவின் கோட்டுக்கு அப்பால், எண்பதின் கோட்டுக்கும் அப்பால், தரையிறங்கும் கட்டணத்தோடு வரும். அந்த 180ஐ நிரப்ப, காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக இரண்டு ஏடிஆர் விடுவதற்குப் பதில், மதியம் பன்னிரண்டு மணிக்கு ஒரே ஒரு விமானம் வருவதற்கான வாய்ப்பே அதிகம். அந்த நேரத்தில் சென்னைக்குப் போக நினைக்கும் செவ்வாய்ப்பேட்டை வெள்ளி வியாபாரி யார் என்று எனக்குத் தெரியவில்லை.